கடுகு, மண்டையோடு, ஆலிஸ் லீ



இது கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் பால் வைத்திருப்பவர்கள் இறக்கி வைத்துவிட்டு வந்து படியுங்கள்.

மேல்நிலை வகுப்பில் என்னிடம் வணிகக் கணிதம் படித்தவர்களுக்கு 'கார்ல் பியர்சனின் ஒட்டுறவுக் கெழு' ஞாபகம் இருக்கும். மறந்திருந்தாலும் அந்தச் சூத்திரத்தின் நீளமும், கீழே வர்க்கமூலம் போட மறந்து மதிப்பெண் போனதும் ஞாபகம் இருக்கும். மைனஸ் ஒன்றிலிருந்து பிளஸ் ஒன்று வரைக்கும்தான் விடை வரும், 1.4 என்று எழுதிவிட்டு அடிக்கோடு போடாதீர்கள் என்று நான் தொண்டை வறளக் கத்தியதும் ஞாபகம் இருக்கும். அந்தப் பியர்சனின் ஆய்வகத்தில் வேலை பார்த்த ஒரு பெண்ணைப் பற்றித்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன். பாடப்புத்தகத்தில் அவர் பெயர் கிடையாது.

ஏன் இப்போது என்றால், நம் உறவினர் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு படம் சுற்றியது. ஆணின் மூளை பெண்ணின் மூளையைவிட 100 கிராமுக்கு மேல் எடை அதிகமாம். அதனால்தான் கணக்கும் இயற்பியலும் ஆண்களுக்கு இயல்பாக வருகிறதாம். கீழே நாலைந்து பேர் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார்கள். நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் இது பிளஸ் ஒன் குரூப் எடுக்கிற சமயம். "டீச்சர், பாப்பா கணக்கில் 96 எடுத்திருக்கிறாள். ஆனாலும் மேத்ஸ் குரூப் அவளுக்குக் கஷ்டம்தானே, காமர்ஸ் போட்டுவிடலாமா?" என்று இந்த ஒரே வாரத்தில் மூன்று பேர் போனில் கேட்டுவிட்டார்கள். 74 எடுத்த பையனுக்கு யாரும் அப்படிக் கேட்கவில்லை. காமர்ஸ் மட்டமான படிப்பு என்று நான் சொல்லவில்லை. அதை எடுத்து இன்றைக்கு ஆடிட்டர்களாக இருக்கிற என் மாணவிகள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். 96-க்கும் 74-க்கும் நடுவே என்ன புகுந்தது என்பதுதான் என் கேள்வி. அதற்கு ஒரு பழைய சரித்திரம் இருக்கிறது.

மண்டையோட்டின் கொள்ளளவை எப்படி அளப்பது? 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில் சாமுவேல் மார்ட்டன் என்ற மருத்துவர் நூற்றுக்கணக்கில் மண்டையோடுகளைச் சேர்த்து வைத்திருந்தார். அடியில் இருக்கும் ஓட்டை வழியாக வெண்கடுகைக் கொட்டி நிரப்பி, அதை மறுபடி அளவுக் குழாயில் கொட்டிப் பார்ப்பார். நம் வீட்டுப் பெண்களைக் கேட்டிருந்தால் அதில் உள்ள வில்லங்கத்தை அப்போதே சொல்லியிருப்பார்கள். படியில் அரிசி அளக்கும்போது குலுக்கி அளந்தால் ஒரு கணக்கு, மெல்லக் கொட்டித் தலைதட்டினால் இன்னொரு கணக்கு. ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் வாங்கி வளர்ந்த நமக்கு அளவு என்பது அளக்கிறவர் கையைப் பொறுத்தது என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். மார்ட்டனே இதைக் கண்டு, கடுகை விட்டுவிட்டு ஈயக் குண்டுகளுக்கு மாறினார்.

அடுத்து வந்தவர் பால் பிரோக்கா. பாரிஸ் மருத்துவர், பெரிய மேதை, அதில் சந்தேகம் வேண்டாம். மூளையில் பேச்சுக்கான ஒரு பகுதி இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. கையளவில் படு கறார். பாரிஸ் மருத்துவமனைகளில் இறந்தவர்களின் மூளைகளை எடை போட்ட கணக்கை வைத்து அவர் 1861-இல் பேசினார். 292 ஆண்களின் சராசரி 1325 கிராம், 140 பெண்களின் சராசரி 1144 கிராம். வித்தியாசம் 181 கிராம். அளவில் தப்பில்லை. நம் வாட்ஸ்அப் படத்தின் கொள்ளுத்தாத்தா இந்த எண்தான்.

இப்போது கணக்கு டீச்சர் கேட்க வேண்டிய கேள்வி. பெண்கள் உயரத்தில் குறைவு, உடம்பும் சிறிது. அதனால் மூளையும் சிறிதாக இருக்குமே, அந்தப் பங்கைக் கழித்தீர்களா? பிரோக்கா இந்தக் கேள்வியை அறியாதவர் இல்லை. அவரே அதை எழுப்பினார். எழுப்பிவிட்டு, பெண்கள் சராசரியில் ஆண்களைவிடக் கொஞ்சம் புத்தி குறைந்தவர்கள்தானே, ஆகவே வித்தியாசத்தில் ஒரு பகுதி உடம்பாலும் ஒரு பகுதி புத்தியாலும் வந்தது என்று எடுத்துக்கொள்ளலாம் என்றார். உயரத்துக்கு எவ்வளவு என்று கணக்குப் பார்க்கவில்லை.

தேற்றம் எழுதும்போது 'கொடுக்கப்பட்டது' என்று ஒரு வரி, 'நிரூபிக்க வேண்டியது' என்று ஒரு வரி எழுதச் சொல்வேன் இல்லையா? நிரூபிக்க வேண்டியதைத் தூக்கிக் கொடுக்கப்பட்டதில் வைத்துவிட்டால் எந்தத் தேற்றத்தையும் ஒரே வரியில் முடித்துவிடலாம். என் வகுப்பில் யாராவது அப்படி எழுதியிருந்தால் சிவப்பு மையில் ஒரு சுழி. பிரோக்கா எழுதியதால் அது விஞ்ஞானம் ஆயிற்று.

ஏறக்குறைய 120 வருஷம் கழித்து ஸ்டீபன் ஜே கூல்ட் என்ற அமெரிக்க உயிரியலாளர் பிரோக்காவின் எண்களையே எடுத்து மறுபடி கணக்குப் போட்டார். அந்தப் பெண்கள் உயரத்தில் குறைந்தவர்கள் மட்டுமல்ல, இறந்தபோது சராசரியில் வயதும் கூடியவர்கள். வயதானால் மூளை எடை குறையும். இந்த இரண்டுக்கும் திருத்தம் செய்ததும் 181 கிராம் 113 ஆகக் குறைந்தது. மிச்சத்திலும் இறப்பின் காரணம், உடற்கட்டு என்று இன்னும் கழிக்க வேண்டியவை இருந்தன. 1981-இல் வந்த அவருடைய புத்தகம் மிகப் பிரபலம்.

ஜெர்மனியில் மியூனிக் நகரத்தில் தியோடர் பிஷோஃப் என்ற உடற்கூறியல் பேராசிரியர் இருந்தார். பெண்களுக்கு மருத்துவம் படிக்கிற தகுதி இயற்கையிலேயே கிடையாது என்று 1872-இல் ஒரு நூலே போட்டார். மூளை எடைதான் அவர் கையில் இருந்த பெரிய ஆயுதம். இங்கே நம் ஊர்க் கதை ஒன்று குறுக்கே வருகிறது. அவர் எழுதி மூன்றாவது வருஷம், 1875-இல், சென்னை மருத்துவக் கல்லூரி நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அவர்களில் ஒருவரான மேரி ஷார்லீப் இங்கே படித்துவிட்டு இங்கிலாந்து போய் மேலே படித்துப் பேர்பெற்ற மருத்துவரானார். அந்தச் சமயத்தில் லண்டன் பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டமே கொடுக்கவில்லை. 1878-இல்தான் கதவைத் திறந்தது. சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிரே அந்தக் கல்லூரியைக் கடக்கும்போதெல்லாம் எனக்குப் பிஷோஃப் ஞாபகம் வரும். அவர் 1882-இல் இறந்தார். அவருடைய மூளையையும் எடை போட்டார்கள். 1245 கிராம். பெண்களுக்கு என்று அவர் சொன்ன சராசரியைவிடவும் ஒரு சொட்டுக் குறைவு என்று அந்தக் கதையை இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். எனக்கும் சிரிப்பு வரும். ஆனால் எடையை வைத்து அவரை மட்டம் தட்டினால் நாமும் அவர் கணக்கையே ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும், பாருங்கள்.

பெரிய மனிதர்களின் மூளையை எடை போடுவது அப்போது ஒரு மோகமாகவே இருந்தது. ரஷ்ய எழுத்தாளர் துர்கனேவின் மூளை 2000 கிராமுக்கு மேல்; கைதட்டினார்கள். கணித உலகின் சக்கரவர்த்தி காஸ் என்று நான் வகுப்பில் சொல்வேனே, ஒன்றிலிருந்து நூறு வரை நொடியில் கூட்டினார் என்று கதை சொல்வார்களே, அவர் மூளை 1492 கிராம். சராசரிக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். முகம் தொங்கிவிட்டது. பிறகு, எடை போனால் போகட்டும், அதில் மடிப்புகள் எத்தனை பாருங்கள் என்றார்கள். நோபல் பரிசு வாங்கிய பிரெஞ்சு எழுத்தாளர் அனத்தோல் பிரான்சின் மூளை 1017 கிராம்தான். அமெரிக்காவில் 1871-இல் தூக்கிலிடப்பட்ட எட்வர்ட் ரூலாஃப் என்ற கொலைகாரனின் மூளையோ 1600 கிராமுக்கு மேல்.

எடைதான் அளவு என்றால் 5 கிலோ மூளை உள்ள யானையிடம் போய் நாம் பாடம் கேட்க வேண்டும். ஆகவே சிலர், உடம்பு எடைக்கு மூளை எடை என்ன விகிதம் என்று பார்ப்போம் என்றார்கள். பார்த்தால் அந்த விகிதத்தில் பெண்கள் சமமாகவோ ஒரு படி மேலாகவோ வந்தார்கள். உடனே அந்த விகிதம் சரிப்படாது என்று ஆயிற்று. புத்தி இருப்பது நெற்றிப் பக்கத்து மடலில், அது பெண்களுக்குச் சிறிது என்றார்கள். பிறகு அளந்து பார்த்தால் அந்தப் பகுதி பெண்களுக்குச் சற்றுப் பெரிது என்று சிலருக்கு விடை வந்தது. புத்தி உச்சந்தலைப் பக்கத்து மடலில்தான் இருக்கிறது என்று இடத்தையே மாற்றிவிட்டார்கள். கபடியில் எதிராளி தொட்ட பிறகு நடுக்கோட்டை நகர்த்திப் போடுகிற பையன்கள் எங்கள் தெருவில் உண்டு. அவர்களுக்கு யாரும் பேராசிரியர் பட்டம் கொடுத்ததில்லை.

இதையெல்லாம் பெண்கள் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தார்களா என்றால், இல்லை. அமெரிக்காவில் ஹெலன் கார்டனர் என்ற எழுத்தாளர் இருந்தார். ராணுவத்தின் முன்னாள் தலைமை மருத்துவர் வில்லியம் ஹாமண்ட் 1880-களில், பெண்களின் மூளையே வேறு மாதிரி, அதிகப் படிப்பு அதற்கு ஆகாது என்று பத்திரிகையில் எழுதினார். கார்டனர் டாக்டர் இல்லை. ஆனால் நியூயார்க்கின் பெரிய மூளை நிபுணர்களை விசாரித்தார். பெயர் எழுதாமல் ஒரு மூளையைக் கையில் கொடுத்தால் ஆணுடையதா பெண்ணுடையதா என்று சொல்ல முடியுமா? யாராலும் முடியாது என்று பதில் வந்தது. 1888-இல் வாஷிங்டனில் நடந்த சர்வதேசப் பெண்கள் மாநாட்டில் அவர் இதைப் போட்டு உடைத்தார். 20 மூளைகளை அனுப்புகிறேன், டாக்டர் ஹாமண்ட் பிரித்துக் காட்டட்டும் என்று சவாலும் விட்டார். அவர் இன்னொன்றும் சொன்னார். எனக்கு அதுதான் இன்னும் கூர்மையாகப் படுகிறது. ஆண்கள் பக்கத்துத் தராசில் பேர்பெற்ற பெரிய மனிதர்கள். பெண்கள் பக்கத்துத் தராசில் தர்ம ஆஸ்பத்திரியில் நாதியற்று இறந்த ஏழைகள். பேர்பெற்ற ஒரு பெண்ணின் மூளையையாவது இதுவரை எடை போட்டிருக்கிறீர்களா? மாதிரி எடுப்பதில் பிழை என்று ஒரு முழுப் பாடமே நடத்துவோமே, அதை இந்த அம்மா எந்தப் பட்டமும் இல்லாமல் மேடையிலேயே நடத்திவிட்டார்.

இனி ஆலிஸ் லீ. இவருக்காகத்தான் உங்களை இவ்வளவு தூரம் இழுத்து வந்தேன்.

1858-இல் இங்கிலாந்தில் எசெக்ஸ் பகுதியில் பிறந்தவர். லண்டனில் பெண்களுக்கென்று இருந்த பெட்ஃபோர்ட் கல்லூரியில் படித்து 1884-இல் பி.எஸ்சி. பட்டம் பெற்றார். அடுத்து அதே கல்லூரியில் கணிதமும் இயற்பியலும் சொல்லிக்கொடுக்கிற வேலை. பெரிய பதவி எதுவும் இல்லை. வருஷக் கணக்கில் துணை ஆசிரியராகவே ஓட்டினார். 1890-களின் நடுவில் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் கார்ல் பியர்சன் புள்ளியியல் வகுப்பு நடத்தியபோது அதில் போய் உட்கார்ந்தார். நம் ஒட்டுறவுக் கெழுவுக்குப் பியர்சன் முழு வடிவம் கொடுத்துக் கட்டுரை வெளியிட்டது 1896-இல். அதாவது மை காய்வதற்கு முன்னாலேயே இந்த அம்மா அந்தக் கருவியைக் கையில் எடுத்துவிட்டார். பகலில் கல்லூரியில் பாடம், மற்ற நேரத்தில் பியர்சனின் ஆய்வகத்தில் கணக்கு. வகுப்பையும் பேப்பர் கட்டையும் வீட்டையும் சேர்த்து இழுத்தவர்களுக்கு இது புதுசு இல்லை.

அவர் எடுத்துக்கொண்ட கேள்வி இது: மண்டையின் கொள்ளளவுக்கும் புத்திக்கும் ஏதாவது ஒட்டுறவு இருக்கிறதா? இதில் ஒரு சிக்கல். செத்தவர் மண்டையோட்டில் கடுகு கொட்டலாம், ஆனால் அவர் உயிரோடு இருந்தபோது எவ்வளவு புத்திசாலி என்று தெரியாது. உயிரோடு இருப்பவரின் புத்தி ஊருக்குத் தெரியும், ஆனால் அவர் மண்டையில் கடுகு கொட்ட முடியாது. லீ செய்ததைப் பாருங்கள். உள் கொள்ளளவும் வெளி அளவுகளும் தெரிந்த பழைய மண்டையோடுகளின் கணக்குகளை எடுத்தார். நீளம், அகலம், உயரம் மூன்றிலிருந்து கொள்ளளவை மதிப்பிடுகிற சூத்திரத்தை உருவாக்கினார். நீங்கள் படித்தீர்களே, தொடர்புப் போக்குச் சமன்பாடு, அதுதான். பிறகு அந்தச் சூத்திரத்தை உயிருள்ள தலைகள் மேல் வைத்தார்.

யார் தலைகள்? இங்கேதான் அவருடைய குறும்பு. பெட்ஃபோர்ட் கல்லூரி மாணவிகள் 30 பேர். யுனிவர்சிட்டி கல்லூரியின் ஆண் ஆசிரியர்கள் 25 பேர். மூன்றாவதாக, 1898-இல் டப்ளினில் கூடிய உடற்கூறியல் சங்கக் கூட்டத்துக்கு வந்திருந்த 35 அறிஞர்கள். அதாவது மண்டையை வைத்து மற்றவர்களின் புத்தியை எடை போட்ட அதே துறையின் பெரிய தலைகள். அவர்கள் சந்தோஷமாகத் தலையைக் காட்டி அளவு கொடுத்தார்கள்.

லீ எல்லாவற்றையும் பெரியதிலிருந்து சிறியது வரை வரிசைப்படுத்திப் பட்டியல் போட்டார். ஆண் அறிஞர்களின் பெயர்களையும் போட்டார்! பட்டியலில் புத்தியின் வரிசை எதுவும் தெரியவில்லை. பேர்பெற்றவர்களுக்கு மேலே பெயர் தெரியாதவர்கள். ஆண் ஆசிரியர்கள் சிலருக்கு மேலே கல்லூரி மாணவிகள். உடற்கூறியல் அறிஞர்கள் வரிசையில் கடைசி இடத்தில், எல்லோரையும்விடச் சிறிய மண்டையோடு நின்றவர் பாசெல் நகரத்துப் பேராசிரியர் கோல்மன். அந்தக் காலத்து மானுடவியலில் முன்வரிசை ஆள். அவர் முட்டாள் என்று லீ சொல்லவில்லை. அவர் மேதை என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை; ஆகவே உங்கள் அளவுகோலைத்தான் சந்தேகப்பட வேண்டும் என்பது கட்டுரை சொல்லும் செய்தி.

கவனியுங்கள், பெண்களின் தலை பெரிது என்று அவர் வாதாடவே இல்லை. சராசரியில் சிறிதுதான் என்பதை மறைக்கவும் இல்லை. இந்த எண்ணுக்கும் நீங்கள் அதற்கு மாட்டிவிடுகிற அர்த்தத்துக்கும் உறவு இல்லை என்று காட்டினார். எதிராளி தந்த எண்ணை மறுக்காமலே எதிராளியைத் தோற்கடிப்பதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

இதையே அவர் டாக்டர் பட்டத்துக்குக் கொடுத்தார். சுலபமாகக் கிடைத்துவிடவில்லை. மதிப்பீட்டாளர்களில் ஒருவர் பிரான்சிஸ் கால்டன். பரம்பரை மேதைமை பற்றி நூல் எழுதியவர், பெண்களின் திறமையைப் பற்றி உயர்ந்த அபிப்பிராயம் இல்லாதவர். இது அந்தப் பெண் சொந்தமாகச் செய்ததா, பியர்சன் செய்து கொடுத்ததா என்ற சந்தேகமும் கிளம்பியது. பியர்சன் அவருக்காக வாதாட வேண்டியிருந்தது. கடைசியில் 1901-இல் பட்டம் வந்தது. அப்போது அவருக்கு வயது 43. கட்டுரை ராயல் சொசைட்டியின் இதழில் வெளியானது. அந்த ராயல் சொசைட்டி ஒரு பெண்ணை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது 1945-இல்தான்.

'நீயா செய்தாய், யார் செய்து கொடுத்தார்கள்?' இந்தக் கேள்வி எனக்குப் பழக்கமானது. எம்.எஸ்சி. சேர்க்கைக்கு நான் போயிருந்தபோது நேர்முகத்தில் ஒரு பேராசிரியர் என் மதிப்பெண் பட்டியலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வீட்டில் அண்ணன் இருக்கிறாரா?" என்று கேட்டார். இருக்கிறார், அவர் தமிழ் இலக்கியம் படிக்கிறார் என்றேன். பிறகு, கல்யாணம் ஆனால் விட்டுவிட்டுப் போய்விடுவாய், ஒரு பையனுடைய இடம் வீணாகும் என்றார். இடம் கொடுத்தார்கள், அது வேறு விஷயம். ஆனால் அந்தக் கேள்வி எந்தப் பையனிடமும் கேட்கப்படவில்லை.

பியர்சன் குழு அடுத்து 1906-இல், கேம்பிரிட்ஜ் மாணவர்கள் ஆயிரம் பேருக்கு மேலும், பள்ளிப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கிலும் எடுத்து, தலை அளவுக்கும் படிப்புத் திறமைக்கும் கெழு கண்டுபிடித்தது. கேம்பிரிட்ஜ் மாணவர்களிடம் விடை சுமார் 0.1. அதன் அர்த்தம் உங்களுக்கே தெரியும். தலையை அளந்து ஒரு பிள்ளையின் புத்தியைச் சொல்ல முடியாது.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பியர்சன் நல்லவர் கணக்கில் மட்டும் சேருகிறவர் இல்லை. மனிதர்களில் உயர்ந்த இரத்தம், தாழ்ந்த இரத்தம் என்று பிரிக்கிற 'இனமேம்பாடு' என்ற கொள்கையில் ஊறியவர். அதற்கென்றே ஏற்படுத்தப்பட்ட பேராசிரியர் பதவியில் 1911-இல் உட்கார்ந்தார். பெண்கள் மண்டையைப் பற்றிய கதையை உடைக்க உதவிய அதே கை, 1925-இல் யூதக் குடியேறிகளின் குழந்தைகளை மட்டமாகக் காட்டுகிற ஆய்வையும் எழுதியது. 2020-இல் அந்தக் கல்லூரியே தன் கட்டடங்களிலிருந்து கால்டன், பியர்சன் பெயர்களை எடுத்துவிட்டது. சூத்திரம் சரியாக இருப்பதும் கேள்வி சரியாக இருப்பதும் ஒன்றல்ல.

சராசரி வாதம் தளர்ந்ததும் ஆட்டம் வேறு இடத்துக்கு மாறியது. சராசரி ஒன்றாகவே இருக்கட்டும், ஆனால் ஆண்களிடம் சிதறல் அதிகம். மேதைகளும் அவர்களில்தான், மந்த புத்திக்காரர்களும் அவர்களில்தான். பெண்கள் எல்லோரும் நடுவாந்திரம் என்றார்கள். திட்ட விலக்கத்தில் போய் ஒளிந்துகொண்டார்கள் என்று வையுங்கள். ஆதாரம்? மனநலக் காப்பகங்களில் ஆண்கள்தான் அதிகம் இருக்கிறார்கள், பாருங்கள்!

இதற்குப் பதில் சொன்னவர் லீட்டா ஹோலிங்வொர்த். 1886-இல் பிறந்தவர். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் பள்ளி ஆசிரியை. கல்யாணம் செய்துகொண்டு நியூயார்க் வந்தார். அங்கே கல்யாணமான பெண்களுக்குப் பள்ளியில் ஆசிரியை வேலை கிடையாது என்பது விதி. வீட்டில் சமைத்துக்கொண்டு சில வருஷம் இருந்தவர் கொலம்பியாவில் உளவியல் படிக்கப் போனார். அவருடைய வழிகாட்டி தார்ன்டைக் அந்தச் சிதறல் வாதத்தை நம்பியவர்களில் ஒருவர்!

ஹோலிங்வொர்த்தும் அவருடைய தோழி ஒருவரும் ஒரு மருத்துவமனையில் பிறந்த 1000 ஆண் குழந்தைகள், 1000 பெண் குழந்தைகளின் அளவுகளை எடுத்து 1914-இல் வெளியிட்டார்கள். ஆண் குழந்தைகள் சராசரியில் கொஞ்சம் பெரியவர்கள். ஆனால் மாறுபாடு அவர்களிடம் அதிகம் என்பதற்கு ஆதாரமே இல்லை. உலகம் கை வைப்பதற்கு முன்னால் அளந்து பார்க்க வேண்டும் என்று பச்சைக் குழந்தைகளை எடுத்துக்கொண்டாரே, அந்த யோசனையை நான் பல நாள் நினைத்து வியந்திருக்கிறேன்.

காப்பகக் கணக்குக்கு அவர் சொன்ன விளக்கம் இன்னும் பிரமாதம். மந்தமான பையன் வெளியே வேலைக்குப் போய்ப் பிழைக்க வேண்டும். முடியாதபோது சீக்கிரமே கண்ணில் படுகிறான், காப்பகத்துக்கு வருகிறான். அதே நிலையில் உள்ள பெண்ணோ வீட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டு, குழந்தை பார்த்துக்கொண்டு யார் கண்ணிலும் படாமல் இருந்துவிடுகிறாள். அவளைத் தாங்குகிறவர் போன பிறகுதான் வெளியே தெரிகிறது. ஆகவே அந்தக் கணக்கு புத்தியைக் காட்டவில்லை, யாரை வீட்டுக்குள் வைத்துக்கொள்கிறார்கள் என்பதைத்தான் காட்டுகிறது. ஆய்வகத்தில் பிறந்து வளர்ந்தவருக்கு இது தோன்றியிருக்காது. அடுப்படியில் நின்றவருக்குத் தோன்றியது. நம் ஊரிலும் நான் பார்க்காததா? எட்டாம் வகுப்பில் பையன் படிக்கவில்லை என்றால் அப்பா பிரம்போடு பள்ளிக்கு வருவார். பெண் படிக்கவில்லை என்றால் மறுநாள் பெயரை வெட்டிக்கொண்டு போவார்கள்.

1970-களுக்குப் பிறகு அமெரிக்காவில் ரூத் ஹப்பர்ட், ஹெலன் லாங்கினோ போன்றவர்கள் இதையெல்லாம் தொகுத்துக் கேள்வியாக வைத்தார்கள். இவர்களைப் பெண்ணியவாதிகள் என்று ஒதுக்கிவிடுகிறவர்கள், இவர்கள் விஞ்ஞானமே பொய் என்கிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படிச் சொல்லவில்லை. ஹப்பர்ட் ஹார்வர்டில் கண்பார்வையின் வேதியியலில் ஆய்வு செய்தவர். எந்தக் கேள்வியைக் கேட்பது, எதை எதோடு ஒப்பிடுவது, எந்த விடை வந்தால் மறுபடி சரிபார்ப்பது, எந்த விடை வந்தால் அப்படியே விட்டுவிடுவது என்பதில்தான் நம் முன்முடிவு நுழைகிறது. ஒரே மாதிரி ஆட்கள் மட்டும் உட்கார்ந்திருக்கிற சபையில் அதை யாரும் கண்டுபிடிக்கமாட்டார்கள் என்பது அவர்கள் வாதம். பிரோக்கா பொய் சொல்லவில்லை. அவர் சபையில் ஒரு ஆலிஸ் லீ இல்லை.

இது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2005 ஜனவரியில் ஹார்வர்டு பல்கலைக்கழகத் தலைவர் லாரன்ஸ் சம்மர்ஸ், உயர்மட்ட அறிவியல் பதவிகளில் பெண்கள் குறைவாக இருப்பதற்கு அந்தப் பழைய சிதறல் வாதத்தையும் ஒரு காரணமாகச் சொன்னார். பெரிய அமளி ஆயிற்று. மறுவருஷம் அவர் பதவி விலகினார். அதற்கு வேறு சண்டைகளும் காரணம்.

சரி, வாட்ஸ்அப் படத்துக்குப் பதில். எடை வித்தியாசம் உண்மை. ஆண்களின் மூளை சராசரியில் சுமார் 11 சதவீதம் பெரிது. 2021-இல் லீஸ் எலியட் என்ற மூளை ஆய்வாளரும் அவர் குழுவும் முப்பது வருஷ ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். அளவைக் கழித்துவிட்டால் மூளை அமைப்பில் உள்ள மாறுபாட்டில் ஆண், பெண் என்பதால் விளக்கப்படுவது சுமார் 1 சதவீதம். இதை மறுத்து வாதாடுகிற ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். மூளை நோய்கள் சில ஆண்களுக்கும் சில பெண்களுக்கும் அதிகம் வருவதால் வித்தியாசத்தை ஆராயத்தான் வேண்டும் என்பார்கள். தாராளமாக ஆராயட்டும். ஆனால் 96 எடுத்த பெண்ணுக்கு மேத்ஸ் குரூப் கஷ்டம் என்று அந்தத் தராசு சொல்லவில்லை. அந்த மூன்று வீட்டாருக்கும் போனிலேயே இதைச் சொல்லிவிட்டேன். இரண்டு வீட்டில் விண்ணப்பத்தை மாற்றிவிட்டார்கள். மூன்றாவது வீட்டில் அப்பா யோசிக்கிறார். அம்மா என் பக்கம்.

ஆலிஸ் லீ கடைசி வரை கணக்குப் போட்டார். கைப்பிடி சுற்றுகிற கணக்கு இயந்திரங்களை வைத்துக்கொண்டு, புள்ளியியல்காரர்கள் பின்னால் வருஷக்கணக்கில் பயன்படுத்திய அட்டவணைகளுக்கு எண்கள் கண்டுபிடித்துக் கொடுத்தார். ஓய்வு பெற்றபோது ஓய்வூதியம் இல்லை. வாங்கிய சம்பளம் அப்படி. 1923-இல் பியர்சனும் பெட்ஃபோர்ட் கல்லூரி முதல்வரும் அரசாங்கத்துக்கு மனுப் போட்டு வருஷத்துக்கு 70 பவுன் உதவித்தொகை வாங்கிக் கொடுத்தார்கள். 1939-இல் காலமானார். மாதம் பிறந்தால் ஏ.டி.எம். வாசலில் நிற்கிற என்னைப் போன்றவர்களுக்கு இந்தச் செய்தி எங்கே போய்த் தைக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஹெலன் கார்டனர் கதையில் ஒரு பாக்கி இருக்கிறது. பேர்பெற்ற பெண்ணின் மூளையை எடை போட்டதுண்டா என்று கேட்டாரே, அதற்காகத் தன் மூளையையே கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு உயில் எழுதி வைத்தார். 1925-இல் இறந்தார்; அதற்குள் அமெரிக்க அரசின் குடிமைப்பணி ஆணையத்தில் முதல் பெண் உறுப்பினராகி இருந்தார். 1927-இல் அறிக்கை வந்தது. எடை 1150 கிராம், நன்கு வளர்ந்த மூளை என்று முடிவு எழுதினார்கள். அது இன்றும் இத்தாக்கா நகரத்தில், அந்தப் பல்கலைக்கழகக் கட்டடம் ஒன்றில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. அந்தக் கொலைகாரன் ரூலாஃபின் மூளையும் அங்கேயேதான். நியூயார்க் மாநிலத்தில் குடியேறிவிட்ட நம் 1994 பேட்ச் மாணவி இதைப் படித்துக்கொண்டிருந்தால், அந்தப் பக்கம் போகும்போது பார்த்துவிட்டு எனக்கு ஒரு படம் அனுப்பு கண்ணு.